மருந்து மாறியதும் மகளும் மாறிவிட்டாளே!

வலிப்பு நோய் உள்ள குழந்தைகளைக் கவனித்துக்கொள்வது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, குழந்தைகள் நரம்பியல் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றிய செவிலியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. ஒன்றரை வருடமாக வால்ப்ரோயேட் சிரப் கொடுத்து வந்தோம். வலிப்பு நன்றாகவே கட்டுப்பட்டிருந்தது. ஆனால் அடிபடாமலே காலில் நீலத் திட்டுகள் வந்தன. ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. லெவெடிரசிட்டாம் சிரப்பைத் தொடங்கி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார் டாக்டர். இப்போது மூன்றாவது வாரம், இரண்டும் போய்க்கொண்டிருக்கிறது. வலிப்பு இல்லை. ஆனால் குழந்தை ஆளே மாறிவிட்டாள். சட்டை மாட்டிவிடப் போனால் அலறுகிறாள், கையில் கிடைத்ததை வீசுகிறாள், அண்ணனைக் கடித்துவிட்டாள். அப்புறம் அவளே என் மடியில் வந்து படுத்து அழுகிறாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள் வீட்டில். புது மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். அடுத்த பரிசோதனைக்கு ஒரு மாதம் இருக்கிறது. இரண்டாவது மருந்து வரை போய்விட்டோமே, நோய் முற்றிவிட்டதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, செல்லம் கொடுத்ததால் வந்ததல்ல இது. லெவெடிரசிட்டாம் சாப்பிடும் குழந்தைகளில் சிலருக்கு எரிச்சல், ஆத்திரம், அழுகை, தூக்கக் குலைவு எல்லாம் வரும். பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களில், அல்லது டோஸ் கூட்டிய உடனே தெரியும். பல குழந்தைகளுக்கு இந்த மருந்து எந்தத் தொந்தரவும் தராது என்பதும் உண்மை. நீங்கள் எழுதியிருப்பதில் என் கண்ணில் பட்டது, அவளே வந்து மடியில் படுத்து அழுவதுதான். தனக்குள் என்ன நடக்கிறதென்று அவளுக்கே புரியவில்லை. மருந்துதான் காரணம் என்றால், அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ உங்கள் பழைய மகள் திரும்பி வருவாள். அந்தப் பயத்தை முதலில் விடுங்கள்.

கணவரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வீட்டிலேயே முடிவெடுத்து நிறுத்தாதீர்கள். பழைய மருந்து குறைந்துகொண்டே வரும் நேரத்தில் புதியதையும் எடுத்துவிட்டால் குழந்தைக்குப் பாதுகாப்பே இல்லாமல் போகும். திடீரென்று நிறுத்தும்போது நிற்காமல் தொடரும் வலிப்பு வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. பழையதையே கூட்டிக் கொடுக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். அதைக் குறைப்பதே தட்டணுக்களுக்காகத்தான்.

அதற்காக ஒரு மாதம் பொறுத்துக்கொண்டிருக்கவும் கூடாது. நாளைக்கே டாக்டருக்கோ அவருடைய பிரிவுக்கோ போன் செய்யுங்கள். "வலிப்பு வரவில்லையே, இதற்குப் போய் டாக்டரைத் தொந்தரவு செய்வதா" என்று தயங்கிய அம்மாக்கள் நிறையப் பேரோடு பேசியிருக்கிறேன். குழந்தையின் குணம் மாறுவதும் பக்கவிளைவுதான். உடம்பில் தடிப்பு வந்தால் சொல்வீர்கள் அல்லவா, அதேபோல இதையும் சொல்லத்தான் வேண்டும்.

போனில் "ரொம்ப அடம்பிடிக்கிறாள்" என்று மட்டும் சொன்னால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. எந்தத் தேதியில் டோஸ் கூடியது, அதற்கு எத்தனை நாள் கழித்து இது ஆரம்பித்தது, மருந்து கொடுத்த பிறகு கூடுகிறதா, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, யாருக்காவது காயம் பட்டதா, தூக்கம் எப்படி என்று எழுதி வைத்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வீடியோவும் எடுங்கள். அந்த நேரத்தில் அவள் பார்வை எங்காவது நிலைகுத்துகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறாளா என்பதை டாக்டர் அதில் பார்ப்பார். சில சமயம் ஆத்திரம் போலத் தெரிவது வலிப்பாகவே இருக்கலாம்.

டாக்டருக்குப் பல வழிகள் உண்டு. டோஸைக் குறைக்கலாம், கூட்டும் வேகத்தைத் தணிக்கலாம், வேறு மருந்துக்குப் போகலாம். வைட்டமின் பி6 கொடுத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சில குழந்தைகளுக்குப் பலன் தெரிகிறது, எல்லோருக்கும் இல்லை. நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் அதுவே நரம்பைப் பாதிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இப்போது இரண்டு சிரப் பாட்டில்கள். வால்ப்ரோயேட் சிரப் பெரும்பாலும் 5 மி.லி.யில் 200 மி.கி. என்று வரும். லெவெடிரசிட்டாம் பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. அதாவது அதே 5 மி.லி. எடுத்தால் இதில் 500 மி.கி. போய்விடும். தூக்கக் கலக்கத்தில் பாட்டில் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். டாக்டர் எத்தனை மி.கி. எழுதியிருக்கிறார், உங்கள் பாட்டிலில் ஒரு மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தை இப்படித் தவிக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வியே, எத்தனை மி.லி. கொடுக்கிறீர்கள் என்பதுதான். ஸ்பூன் வேண்டாம், வாயில் கொடுக்கும் சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனி சிரிஞ்ச் வேண்டும். பாட்டிலுக்கும் அதன் சிரிஞ்சுக்கும் ஒரே நிறத்தில் டேப் ஒட்டி, மற்ற பாட்டில் ஜோடிக்கு வேறு நிறம் வையுங்கள். வாராவாரம் மாறும் அளவை ஒரு தாளில் எழுதி ஒட்டி, கொடுத்தவர் அதிலேயே டிக் போடட்டும். இருவரும் தனித்தனியாகக் கொடுத்துவிடும் ஆபத்து அதில் தவிர்ந்துவிடும். காலை மாலை டோஸ்களுக்கு நடுவே ஏறக்குறைய 12 மணி நேரம் இருக்கட்டும். லெவெடிரசிட்டாம் குழந்தைகளின் உடம்பிலிருந்து சீக்கிரமே வெளியேறிவிடும்.

எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தியோடு சோர்வு, கண் மஞ்சளாவது, மூக்கிலோ ஈறிலோ நிற்காத ரத்தம், காய்ச்சலோடு தோலில் தடிப்பு இவற்றில் எது வந்தாலும் போனுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகப் படுக்க வைத்து நேரம் பாருங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசர மருந்தைக் கொடுத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். அவசர மருந்தாக மூக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ கொடுக்கும் மிடசோலம் எழுதித் தந்திருந்தால் காலாவதித் தேதியையும், அவளுடைய இப்போதைய எடைக்கு அளவு சரியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் முற்றவில்லை. முதல் மருந்து வலிப்பை நன்றாகவே கட்டுப்படுத்தியது. பக்கவிளைவால்தான் அதை எடுக்கிறார்கள். சரியாகத் தேர்ந்தெடுத்து, உடம்பு ஏற்றுக்கொண்டு, போதிய அளவில் கொடுத்தும் இரண்டு மருந்துகள் பலிக்காவிட்டால்தான் 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' என்று சொல்வார்கள். வலிப்பு நோய்க்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2010-இல் வகுத்த வரையறை இது. உங்கள் மகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அண்ணனையும் மறந்துவிடாதீர்கள். "தங்கச்சிக்கு இந்த மருந்து கோபத்தைக் கிளப்புகிறது, உன் மேல் தப்பில்லை" என்று அவனிடம் நேராகவே சொல்லுங்கள். அவள் வீச ஆரம்பித்தால் அவனை நகர்த்திவிட்டு, கனமானவற்றை எடுத்துவிட்டு, அதிகம் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அடிக்க வேண்டாம். கடிக்கக் கூடாது என்பதை அவள் அமைதியான பிறகு சொன்னால் போதும்.

கேள்வி: மருந்து கொடுத்ததும் மகன் வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுக்கலாமா?

- ஒரு தந்தை

பதில்: விழுங்கிய சில நிமிடங்களிலேயே மருந்து அப்படியே வெளியே வந்துவிட்டால் பொதுவாகத் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் கழித்து என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். நடுவே இருக்கும் நேரத்துக்கு என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும். உங்கள் மகனின் மருந்துக்கு என்ன விதி என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தவறிய டோஸுக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.