நள்ளிரவு 12.35 மணிக்கு என் சிரிப்பைத் திருப்பித் தந்தவர்

அன்புத் தங்கைக்கு,

"அமெரிக்காவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது அக்கா. அலுவலகத்தில் இவர்கள் பேசுவது புரிகிறது, சிரிப்பதுதான் புரியவில்லை. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நானும் சிரித்துவைக்கிறேன். இது எப்போது மாறும்? என் உச்சரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டிருந்தாய். எனக்கு இது மாறியது ஒரு தொலைக்காட்சிக்காரரால். அந்தக் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

நான் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு வந்தது 2005 அக்டோபரில், கணவரின் வேலையை ஒட்டி மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில். அன்று அந்த விசாவில் வந்த மனைவிமார் யாரும் வேலைக்குப் போக முடியாது. 2015-இல்தான் சிலருக்காவது அனுமதி கிடைத்தது. பகலெல்லாம் நான்கு சுவர். இரவில் தூக்கம் வராது. மயிலாடுதுறையில் அம்மா அடுப்படி வேலையை முடித்து உட்காரும் நேரம் பார்த்து, தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்களை அழுத்திப் பேசுவேன். அங்கே காலை பதினொரு மணி, இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. பேசி வைத்ததும் வீடு இன்னும் வெறிச்சென்றாகிவிடும். அப்படியோர் இரவில்தான் சிபிஎஸ் அலைவரிசையில், 12.35 மணிக்குத் தொடங்கும் 'தி லேட் லேட் ஷோ' என்ற நகைச்சுவைப் பேச்சு நிகழ்ச்சியை நடத்திய கிரெய்க் ஃபெர்குசனைப் பார்த்தேன்.

கிளாஸ்கோவில் பிறந்தவர். வாயைத் திறந்தால் ஸ்காட்லாந்து மணக்கும். திரையின் அடியில் எழுத்து ஓடவிட்டுத்தான் முதல் சில வாரங்கள் பார்த்தேன். எனக்குப் பெரிய ஆறுதல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒருவர் வெளியூர்க்காரராகவே நின்று, அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளாமல், இவர்களைச் சிரிக்கவைக்கிறார் என்பது. உச்சரிப்பு பற்றிய உன் கேள்விக்கு என் பதிலும் அதுதான். நிறுத்தி, தெளிவாகப் பேசு, குரலை மாற்றாதே.

2006 ஜனவரியில் அவருடைய தந்தை இறந்துபோனார். மறுநாள் நிகழ்ச்சியை அவர் ரத்துசெய்யவில்லை. மேடையையே சாவு வீடாக்கினார். அப்பாவின் குணங்களைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். அடுத்த வரியில் குரல் உடைந்தது. பிறகு மறுபடி சிரிப்பு. வாழ்ந்து முடித்தவரை நம் ஊரில் கல்யாணச் சாவு என்று மேளத்தோடு அனுப்பிவைப்போமே, அதே மனம்தான் அங்கும். அழுகையும் சிரிப்பும் ஒரே பந்தலில் இருக்கலாம் என்பது இவர்களுக்கும் தெரியும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டின் மேல் எனக்கிருந்த அச்சத்தில் பாதி அந்த இரவோடு போனது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் தலையை மழித்துக்கொண்ட செய்தி வந்தது. ஊரே அவரைக் கேலி செய்துகொண்டிருந்தது. ஃபெர்குசன் மட்டும், அவரைப் பற்றி இனி நகைச்சுவை சொல்லமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, தன் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். குடியை விட்டு அப்போது அவருக்குப் பதினைந்து ஆண்டு. சாகத் துணிந்த ஒரு கிறிஸ்துமஸ் நாளைச் சொன்னார். கூட்டம் சிரிப்பதா கூடாதா என்று தடுமாறுவது காதில் விழும். நகைச்சுவை வலியவர்களைத்தான் தாக்க வேண்டும், நொந்து கிடப்பவர்களை அல்ல என்றார். நான் அவரை மனதார மதிக்கத் தொடங்கியது அன்றுதான்.

இவ்வளவுக்கும் அந்த நிகழ்ச்சி முழுக்கக் கோமாளித்தனம்! கையில் பொம்மையை மாட்டிக்கொண்டு பாடுவார். ஒரு துணிக் குதிரைக்குள் இரண்டு ஆட்கள் புகுந்துகொண்டு வந்து ஆடுவார்கள்; நம் பொய்க்கால் குதிரையின் தூரத்து உறவு போலிருக்கும். 2010 முதல் ஒரு எலும்புக்கூடு இயந்திரம்தான் அவருக்குத் துணைப் பேச்சாளர். விருந்தினர் வந்து உட்கார்ந்ததும் கேள்வி அட்டைகளைக் கிழித்துப் போடுவார். அதன்பின் நடப்பது வெறும் உரையாடல். அதே மேடைக்குத்தான் 2009-இல் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு வந்தார். நிறவெறி ஆட்சியின் வரலாற்றை ஃபெர்குசன் தானே முதலில் விளக்கிவிட்டு அவரோடு பேசினார். அந்த நிகழ்ச்சிக்கு, ஒளிபரப்புத் துறையில் பெரிதாக மதிக்கப்படும் பீபாடி விருது கிடைத்தது. தெருக்கூத்தில் சிரிக்கவைத்துக்கொண்டே நியாயத்தையும் சொல்லிவிடும் கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவர் அந்நியரே இல்லை.

2008 பிப்ரவரியில் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். உறுதிமொழி எடுத்ததை நிகழ்ச்சியிலும் காட்டினார். என் முறை வந்தபோது, கையை உயர்த்தி நின்ற அந்த நிமிடத்தில் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே, சிரிப்பைப் பாடமாகப் படிக்க முயலாதே. உனக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடு. அவர் ஒருவரையே ஆறு மாதம் விடாமல் பார். ஒரே மனிதரின் பேச்சுப் போக்கு பழகினால், எந்த இடத்தில் குரல் இறங்கும், எங்கே வேண்டுமென்றே நிறுத்துவார் என்பது காதுக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் புரியாததைக் கேட்கவும் தயங்காதே. கேட்டால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள்.

ஃபெர்குசன் 2014 டிசம்பரில் விடைபெற்றுவிட்டார். பழைய பகுதிகள் யூடியூபில் ஏராளமாகக் கிடைக்கின்றன. தந்தைக்கான அந்த இரவை முதலில் பார்த்துவிடாதே. குதிரை ஆடுகிற நாலைந்தைப் பார்த்து அவரோடு பழகிக்கொள். 2006 ஜனவரியை ஒரு விடுமுறைக்கு முந்தைய இரவுக்கு வைத்துக்கொள். முடிந்ததும் ஊருக்குப் பேசத் தோன்றும். அப்போது அங்கே பகலாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
அக்கா