ஒழுக்கம் எல்லாருக்கும் பொதுவானதா, சமூகத்துக்குச் சமூகம் மாறுவதா?

வழக்கங்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்துவது எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும் தவறுதான் என்று உறுதியாக நம்புகிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். அதனால் எங்கள் மண்ணில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. உயர்சாதியார் முன் திறந்த மார்போடு நிற்பதுதான் மரியாதை. ஒழுக்கம் சமூகத்தைப் பொறுத்தது என்பவர்கள் இங்கே ஒரு வலுவான கேள்வியை எழுப்புவார்கள். அந்தக் காலத்தில் அங்கே மேலாடை இல்லாதிருப்பது பொதுவாகக் கூச்சத்துக்குரியதே அல்ல. நாயர் பெண்களே கோயிலிலும் தமக்கு மேற்பட்டவர்கள் முன்பும் மேலாடையை விலக்கினார்கள். மிஷனரிகள் கொண்டுவந்த வெட்கத்தை வைத்து அன்றைய சமூகத்தை எடைபோடலாமா?

கல்லூரி நாட்களில் இதற்கு என்னிடம் பதில் இல்லை. வரலாற்றைப் படித்த பிறகுதான் பிடி கிடைத்தது. கிறிஸ்தவத்துக்கு மதம் மாறிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்று 1814-லேயே அரசு அனுமதித்துவிட்டது. உடலை மறைப்பது மட்டுமே அவர்கள் வேண்டியது என்றால், அத்தோடு எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அந்தப் பெண்கள் குப்பாயத்துக்கு மேல், உயர்சாதிப் பெண்களைப் போலவே தோள்சீலையும் போட்டார்கள். அதற்காகத்தான் பொது இடங்களில் அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் எரிக்கப்பட்டன. 1829-ல் வந்த அரச அறிவிப்பு, குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது என்றது. 1859 ஜூலை 26-இல் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்று அறிவித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. கவனியுங்கள், வெட்கத்தைப் பற்றி இரு தரப்பாருமே சண்டையிடவில்லை. நீயும் நானும் ஒன்றா என்பதுதான் வழக்கு.

'சமூகத்தின் ஒழுக்கம்' என்கிறோமே, அது யாருடைய ஒழுக்கம்? சீலையைக் கிழித்தவனும் அந்தச் சமூகம்தான், கிழிபட நின்றவளும் அந்தச் சமூகம்தான். அவளை யாரும் கேட்கவில்லை. சமூகம் ஏற்றதே சரி என்றால், 1859 ஜூலை 25 வரை மார்பை மறைத்த, மதம் மாறாத நாடார் பெண் ஒழுக்கங்கெட்டவள், மறுநாள் முதல் ஒழுக்கமுள்ளவள் என்றாகிவிடும். அவள் செய்ததில் என்ன மாறியது? இதை என்னால் ஒருநாளும் ஒப்புக்கொள்ள முடியாது.

இதை வெறும் பழங்கதையாகச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. அந்தப் பெண்களின் வழிவந்த எங்கள் வீட்டிலேயே, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, வயல் வேலைக்கு வரும் ஒருவருக்குப் பாட்டி கருப்பட்டிக் காப்பியைச் சிரட்டையில், அதாவது கொட்டாங்குச்சியில், ஊற்றிக் கொடுப்பார். எங்களுக்கு டம்ளர். ஏன் என்று கேட்டேன். "எல்லா வீட்டிலும் இதுதான் மக்களே வழக்கம்" என்றார். பாட்டி கெட்டவர் அல்லர். பசி என்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. வேலைக்கு வந்தவரும் ஒன்றும் சொன்னதில்லை. குடித்து முடித்துச் சிரட்டையைக் கழுவி வேலியோரம் கவிழ்த்து வைப்பார். அவருக்கும் இதில் சம்மதம் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு பெரிய விடுமுறையில் தன் மகனையும் அழைத்து வந்தார். அவனுக்கு என் வயதுதான் இருக்கும். பாட்டி நீட்டிய சிரட்டையைப் பார்த்தான், பிறகு என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தான். அப்பா அதட்டியும் வாங்கவில்லை. வெயிலில் வரப்பு வழியே நடந்து வாய்க்காலுக்குப் போய், இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.