வீட்டு வாசல் கர்பில் நாமே சிவப்பு அடிக்கலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ட்ரைவ்வேயை (வீட்டுக்குள் வண்டி போய்வரும் வழியை) உரசினாற்போல யாராவது காரை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். எங்கள் வண்டியை வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிறது. கர்பில், அதாவது சாலையோர விளிம்புக் கல்லில், ‘இங்கே நிறுத்தாதே’ என்று பொருள்படும் சிவப்பு பெயின்ட்டை நாங்களே அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வீடு உங்களுடையதுதான், ஆனால் வாசலில் இருக்கும் கர்ப் பொதுச் சொத்து. அதில் நிறம் அடிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கே. அதிகாரபூர்வக் குறியீடு போலத் தோன்றும் எதையும் தனிநபர்கள் யாரும் சாலையில் வைக்கக் கூடாது என்கிறது மாநில வாகனச் சட்டத்தின் 21465-ஆம் பிரிவு. நீங்கள் அடித்த சிவப்பை நம்பி யாருக்கும் அபராத டிக்கெட்டும் கொடுக்க மாட்டார்கள். பிறகு எதற்கு அந்த வேலை?

இன்னொன்று, உங்களுக்குப் பெயின்டே தேவைப்படாமல் இருக்கலாம். ட்ரைவ்வேயை மறித்து நிறுத்துவது 22500-ஆம் பிரிவின்படி ஏற்கெனவே குற்றம். கர்பில் நிறம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். காரின் முன்பக்கமோ பின்பக்கமோ வாசலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் படம் எடுத்துவைத்து, நகரின் பார்க்கிங் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். அவசர எண்ணான 911 இதற்கு அல்ல.

மறிக்காமல், ஒட்டி மட்டும் நிறுத்துகிறார்கள் என்றால் அது வேறு கதை. அதற்குத்தான் ட்ரைவ்வேயின் இரு பக்கமும் சிறு சிவப்புப் பட்டை அடித்துத் தரும் வழக்கம் சில நகரங்களில் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் போக்குவரத்துத் துறையிடம் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், இடத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். உங்கள் நகரில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மற்ற நிறங்கள் 21458-ஆம் பிரிவில் உள்ளன: மஞ்சள் ஆளையோ சரக்கையோ ஏற்றி இறக்க; வெள்ளை ஆளை ஏற்றி இறக்கவோ தபால் போடவோ; பச்சை குறிப்பிட்ட நேரம் வரை நிறுத்த; நீலம் மாற்றுத்திறனாளி அனுமதி பெற்றவர்களுக்கு. வாசலில் நீலம் கிடைத்தாலும் அது உங்களுக்கு மட்டுமான இடமாகாது. அனுமதி அட்டை உள்ள யாரும் நிறுத்தலாம்.

சிவப்பு இல்லையே என்று நீங்களும் ஏமாந்துவிடாதீர்கள். தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் நிறுத்தக் கூடாது. வண்டிகள் வரும் பக்கத்தில் பாதசாரிக் கடவைக்கு முன் 20 அடியும் அப்படியே. நடைபாதை சாலைக்குள் நீட்டிக் கட்டப்பட்ட இடமானால் 15 அடி. பல முனைகளில் இதற்கான பெயின்ட் இருக்காது, டிக்கெட் மட்டும் வரும்.