ஓபி சீட்டில் எழுதிய ஒரு வரி, குடும்பநல நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் செல்லும்?

கொருக்குப்பேட்டை வாசகி ஒருவரின் கேள்வி சுருக்கமாக இதுதான். கணவர் வீட்டை விட்டுப் போன பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நினைத்த நேரத்தில் அழுகை வந்தது. அக்கா ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மனநலப் பிரிவில் காட்டினார். ஓபி சீட்டில் 'அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர்' என்று எழுதி, இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து, கவுன்சலிங்குக்கும் அனுப்பினார்கள். பையனைப் பார்க்க வந்த கணவர் அந்தச் சீட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது, மனைவிக்கு மனநோய், எனவே விவாகரத்து வேண்டும், நாலு வயதுப் பையனும் தன்னிடம் வேண்டும் என்று மனு போட்டிருக்கிறார். வாசகியின் வக்கீலோ அதே சீட்டை வைத்துக் குடும்ப வன்முறை வழக்கில் நஷ்டஈடு கேட்கலாம் என்கிறார். "இந்தச் சீட்டு எனக்கு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் கணவர் நினைக்கிற அளவுக்கு அது உங்களுக்கு எதிரானது இல்லை. உங்கள் வக்கீல் நினைக்கிற அளவுக்குப் பலமானதும் இல்லை.

முதலில் மருத்துவம். தாங்க முடியாத ஒரு நெருக்கடி வருகிறது: பிரிவு, வேலை போவது, கடன், வீட்டைக் காலி செய்யச் சொல்வது. அதைத் தொடர்ந்து தூக்கமின்மை, படபடப்பு, அழுகை, எதிலும் மனம் ஒட்டாமை ஆகியவை வந்து அன்றாட வேலையைப் பாதித்தால், வேறு மனநோய் எதுவும் அதற்குக் காரணமில்லை என்றால், மனநல மருத்துவர்களாகிய நாங்கள் இந்தப் பெயரை எழுதுவோம். தமிழில் தகவமைவுக் கோளாறு என்பார்கள். கால் பிசகினால் வீங்குகிற மாதிரிதான் இது. பெரும்பாலான மனநோய்களின் பெயரில் காரணம் இருக்காது. இதைப் போன்ற சிலவற்றில்தான், ஏதோ ஒன்று நடந்தது, அதனால் இது வந்தது என்பது நோயறிதலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நெருக்கடியும் அதன் விளைவுகளும் ஓய்ந்தால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும். மனப்பிரமையோ, காதில் குரல் கேட்பதோ இதில் கிடையாது.

இனி விவாகரத்து. இந்து திருமணச் சட்டத்தின் 13(1)(iii) பிரிவு, மனநோய் என்ற பெயர் இருந்தாலே போதும் என்று சொல்லவில்லை. குணமாக்க முடியாத சித்தபேதம் இருக்க வேண்டும். அல்லது மனு போட்டவர் அந்தத் துணையோடு சேர்ந்து வாழ்வார் என்று நியாயமாக எதிர்பார்க்கவே முடியாத வகையிலும் அளவிலும் மனக்கோளாறு இருக்க வேண்டும். 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்ற முத்திரையே போதாது, அதன் தீவிரத்தை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்கிசோஃப்ரினியாவுக்கே அந்த நிலை என்றால், இரண்டு வார மாத்திரையோடு நிற்கிற சீட்டு எம்மாத்திரம்? (கிறிஸ்தவத் திருமணமாக இருந்தால் 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் இன்னும் கறார். குணப்படுத்த முடியாத சித்தபேதம், அதுவும் மனுவுக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.)

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் உங்கள் வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள். ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானித்தாலே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை உரிய நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும் என்கிறது அதன் 3(5) பிரிவு. அந்தச் சட்டம் 'மனநோய்' என்று வரையறுப்பதே, தீர்மானிக்கும் திறனையோ அன்றாடத் தேவைகளைச் சமாளிக்கும் திறனையோ கடுமையாகக் குலைக்கிற கணிசமான கோளாறைத்தான். பெரும்பாலான அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர் அந்த வரையறைக்குள்ளேயே வராது என்பது என் கருத்து.

போனில் எடுத்த படம் செல்லுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருட்டுத்தனமாக எடுத்தது என்பதால் நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், பிரிவு 14, வழக்கைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் சாட்சியச் சட்டக் கெடுபிடி இல்லாமல் பார்க்க அனுமதிக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும் உங்கள் பதிவேட்டைக் கணவர் என்ற உரிமையில் அவர் போய் வாங்கிவிட முடியாது. அங்கே உங்கள் ரகசியத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

பையன் விஷயத்தில் பயம் வேண்டாம். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்வது. நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலனை. பால்வாடிக்கு நேரத்தில் போகிறானா, தடுப்பூசி அட்டை சரியாக இருக்கிறதா, காய்ச்சல் வந்தபோது யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதெல்லாம் உங்கள் சீட்டில் இருக்கும் பெயரைவிடப் பேசும். அந்தக் காகிதங்களை எடுத்து வையுங்கள்.

உங்களை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி எதிர்த்தரப்பு மனு போடலாம். நீதிமன்றம் அப்படி உத்தரவிட முடியும் என்பதும், வலுவான முகாந்திரம் இருந்தால்தான் உத்தரவிட வேண்டும் என்பதும், உத்தரவான பிறகு மறுத்தால் அது உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதும் 2003இல் சாரதா – தர்மபால் வழக்கில் வந்த தீர்ப்பு. முகாந்திரம் இல்லை என்று வக்கீல் வாதாடட்டும். உத்தரவு வந்துவிட்டால், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கே அனுப்பினாலும் தயங்காமல் போய் வாருங்கள். அந்த வாசலை மிதித்தாலே பேர் கெட்டுவிடும் என்று நம் பக்கத்தில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. உங்கள் நிலையில் அங்கிருந்து வரும் அறிக்கை உங்களுக்குச் சாதகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்புறம், உங்கள் வக்கீலின் யோசனை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 22, மனச் சித்திரவதைக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்க வழி தருகிறது. சீட்டு அதற்கு உதவும். ஆனால் அது எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: "அடிச்சதை நீங்க நேர்ல பாத்தீங்களா டாக்டர்?" பார்க்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். இந்தத் தேதியில் இந்த நிலையில் வந்தார், இதைக் காரணமாகச் சொன்னார், நான் கண்ட அறிகுறிகள் அதற்குப் பொருந்தின. மருத்துவர் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அடித்தார், திட்டினார், பணம் கேட்டார் என்பதற்கெல்லாம் அக்காவும் பக்கத்து வீட்டாரும் வாட்ஸ்அப் செய்திகளும்தான் சாட்சி.

அதனால் இந்த நோயறிதலில் உயிர்நாடி தேதி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10 முறைப்படி நெருக்கடி வந்து ஒரு மாதத்துக்குள் அறிகுறிகள் தொடங்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5 மூன்று மாதம் தருகிறது. கணவர் தை மாதம் போனார், நீங்கள் ஆடியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்றால், குறுக்கு விசாரணையில் இதைத்தான் பிடிப்பார்கள். அறிகுறி தொடங்கிய நாளும் டாக்டரைப் பார்த்த நாளும் வேறு வேறு. நடுவில் வாடகை பாக்கி, வேலையிலிருந்து நிறுத்தியது என்று புது நெருக்கடிகளும் வந்திருக்கலாம். அடுத்த முறை ஓபிக்குப் போகும்போது எது எப்போது நடந்தது, தூக்கம் எப்போது கெட்டது என்று வரிசையாகச் சொல்லி, கேஸ் ஷீட்டில் பதியச் சொல்லுங்கள். சம்மன் வருவதற்கு முந்தைய தேதியிட்ட சீட்டுக்கு மதிப்பு அதிகம். அதைப் பத்திரமாக வையுங்கள், லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

'கொஞ்சம் பெரிதாக எழுதித் தாருங்கள் டாக்டர், நஷ்டஈடு கூடும்' என்று கேட்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். கேட்காதீர்கள். கடுமையான மனச்சோர்வு என்று ஒரு சான்றிதழ் வாங்கி, குடும்ப வன்முறை வழக்கில் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தால், அதன் நகலை அடுத்த வாய்தாவிலேயே கணவரின் வக்கீல் குடும்பநல நீதிமன்றத்தில் நீட்டி, இவரிடமா பையனைக் கொடுப்பது என்று கேட்பார். ஒரே சீட்டு ஒரு வழக்கில் பெரிய நோயாகவும் இன்னொன்றில் சின்ன நோயாகவும் இருக்க முடியாது. உள்ளது உள்ளபடி இருப்பதுதான் இரண்டிலும் உங்களைக் காப்பாற்றும்: கணவர் நடந்துகொண்ட விதத்தால் பாதிக்கப்பட்டேன், சிகிச்சை எடுத்தேன், அந்த நாட்களிலும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெற மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி உங்களுக்கு உரிமை உண்டு. ஆஸ்பத்திரியின் ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒரு நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீல் கட்டணம் பாரமாக இருந்தால், பெண்களுக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கான 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது ஆறு மாதத்தில் சரியாகிற கோளாறு என்று சொன்னதால், அந்த ஆறு மாதத்தில் ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். சாகலாமா என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரவானால் 14416இல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இதை மறைத்தால்தான் வழக்குக்கு நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேஸ் நடக்கிறதே என்று பயந்து ஓபிக்குப் போவதையும் நிறுத்தாதீர்கள். பாதியில் விட்ட சிகிச்சையைத்தான் எதிர்த்தரப்பு நோண்டும். வழக்கு இழுக்க இழுக்க நெருக்கடியும் நீள்வதால் ஆறு மாதம் தாண்டியும் கொஞ்சம் அறிகுறி இருக்கலாம், அது நோய் முற்றியதாக ஆகாது. சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்கிற அன்று, 'அறிகுறிகள் இல்லை, மருந்து நிறுத்தப்பட்டது' என்று அதே சீட்டில் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.