தரவரிசைப் பட்டியல் வந்த வாரம்: பொறியியல் கலந்தாய்வு பற்றிய கேள்வி-பதில்

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசைப் பட்டியல் வெளியாகும் வாரத்தில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி விதிமுறையைப் பற்றியவை. மீதிப் பாதி, வீட்டுக்குள் யாரும் யாரோடும் சரியாகப் பேசாமல் இருப்பதைப் பற்றியவை. விதி தெளிவாகத் தெரிந்த வீடுகளில் சண்டை குறைவாக இருப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன் என்பதால், இரண்டு வகைக் கேள்விகளையும் கலந்தே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் கணிதத்தில் 97, இயற்பியலில் 96, வேதியியலில் 97 எடுத்தாள், கட்-ஆஃப் 193.5. அதே மூன்று பாடங்களில் இவளைப் போலவே மொத்தம் 290 எடுத்த அவளுடைய தோழிக்குக் கட்-ஆஃப் 195. தோழிக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரி கிடைக்குமாம், இவளுக்குக் கிடைக்காதாம். இது அநியாயம் இல்லையா? (ஒரு தாய், நாமக்கல்)

பதில்: தோழி கணிதத்தில் 100 வாங்கியிருப்பாள். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும்போது கணிதம் முழுதாக 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குக் குறைக்கப்பட்டும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே கணிதத்தில் போன ஒரு மதிப்பெண், இயற்பியலில் போன இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே அளவுகோல் என்றாகிவிட்டதால், அரை மதிப்பெண்ணில்கூட நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். இந்தக் கணக்குமுறை சரியா என்று தாராளமாக விவாதிக்கலாம். ஆனால் உங்கள் மகள் தோழியைவிடக் குறைவாகப் படித்தாள் என்பதற்கு அது சான்றாகாது. இதை அவளிடம் ஒருமுறை தாளில் போட்டுக் காட்டுங்கள், அதன் பிறகு தோழியின் பெயரை எடுக்காதீர்கள்.

அடுத்து, "கிண்டி கிடைக்காது" என்று சொன்னவர் பெரும்பாலும் கிண்டியில் கணினி அறிவியலைத்தான் மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். அண்ணா பல்கலைக்கழகத்தின் நேரடி வளாகங்களில் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஒன்று. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) உண்டு, ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள் உண்டு. சென்ற ஆண்டின் கட்-ஆஃப் எண்ணைவிட, சென்ற ஆண்டு அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசை எண்ணைப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் கட்-ஆஃப் ஏறும், கடினமாக இருந்தால் இறங்கும், தரவரிசை அந்த அளவுக்கு ஊசலாடாது. பொதுத் தரவரிசையோடு வகுப்புவாரித் தரவரிசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் 31 விழுக்காடு பொதுப் பிரிவுக்கும், 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குமாக இடங்கள் பிரிகின்றன.

கேள்வி: மகனுக்கு வந்த ரேண்டம் எண் (விண்ணப்பித்தவர்களுக்குக் கணினி தரும் எண்) மிகச் சிறியது. அன்றிலிருந்து அவன் பாட்டி அழுதுகொண்டிருக்கிறார். ஏதாவது செய்ய முடியுமா? (ஒரு தந்தை, விருதுநகர்)

பதில்: பாட்டிக்கு ஆறுதல் சொல்லலாம், வேறொன்றும் செய்யத் தேவையில்லை. கட்-ஆஃப் சமமாக இருப்பவர்களின் பாட மதிப்பெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பிறந்த தேதியையும் பார்த்து, அப்போதும் இருவர் சமமாக நின்றால் மட்டுமே ரேண்டம் எண் பெரியதா சிறியதா என்று பார்ப்பார்கள். அந்தப் படிவரை போகிறவர்கள் மிகச் சிலரே.

கேள்வி: மகன் குரோம்பேட்டையில் ஆட்டோமொபைல் படிக்க வேண்டும் என்கிறான். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் நிச்சயமாகக் கிடைக்கும். விருப்பப் பட்டியலில் குரோம்பேட்டையை மேலே போட்டால் கணினி அறிவியல் கைநழுவிவிடும் என்று பிரவுசிங் சென்டரில் சொல்கிறார்கள். இரண்டு நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. (ஒரு தந்தை, கரூர்)

பதில்: பிரவுசிங் சென்டரில் சொன்னது தவறு. உங்கள் மகனின் முறை வரும்போது, பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் விருப்பத்தைக் கணினி ஒதுக்கும். முதல் பத்தும் கிடைக்கவில்லை என்றால் பதினொன்றாவதைப் பார்க்கும். மேலே கடினமானவற்றைப் போட்டதற்காகக் கீழே உள்ளவை பறிபோவதில்லை. பட்டியலைச் சுருக்கமாக முடித்துக்கொள்வதுதான் ஆபத்து. கிடைக்கவே கிடைக்காது என்று தோன்றுவதில் தொடங்கி, கட்டாயம் கிடைக்கும் என்பதுவரை நீளமாகப் போடுங்கள்.

இது விதி. சண்டை வேறு எதைப் பற்றியோ நடக்கிறது என்பது என் ஊகம். சில ஆண்டுகளுக்கு முன் விருப்பப் பதிவின் கடைசி இரவில் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். தந்தை கல்லூரி எண்களை ஒரு நோட்டில் எழுதி வந்திருந்தார், கடைக்காரர் தட்டச்சுச் செய்தார், பையன் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓ.டி.பி. வந்தபோது மட்டும் எண்ணை வாசித்துச் சொன்னான். நான்காண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் அவனுடைய பங்கு அவ்வளவுதான். கடவுச்சொல்கூட கடைக்காரரிடம் இருந்தது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-இல் தொடங்கியபோதே ஆட்டோமொபைலும் விமானப் பொறியியலும் அங்கு முதன்மைப் பிரிவுகள். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அங்கேதான். உங்கள் மகன் ஏதோ ஆசையில் உளறுகிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பிரிவில் படித்து முடித்தவர்கள் இரண்டு பேரை அவனே தேடிப் பேசிவிட்டு வரட்டும். நீங்கள் சொல்லும் தனியார் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் நீங்கள் பேசுங்கள், முதல்வர் அறையில் அல்ல, கல்லூரிப் பேருந்து நிற்கும் இடத்தில். பிறகு பட்டியலை அவனே தட்டச்சுச் செய்யட்டும், நீங்கள் சரிபார்க்கலாம்.

கேள்வி: எட்டாவது விருப்பம் ஒதுக்கீடாகியிருக்கிறது. 'அக்செப்ட் அண்ட் அப்வார்ட்' (இதை ஏற்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் மாறுகிறேன்) கொடுத்தால் கையில் உள்ளதும் போய்விடுமா? (ஒரு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: மேலே உள்ள ஏழில் ஒன்று கிடைத்தால் மட்டுமே எட்டாவது போகும், கிடைக்காவிட்டால் அது உங்களுடையதே. குறித்த நாளுக்குள் டி.எஃப்.சி. எனப்படும் சேர்க்கை உதவி மையத்தில் கட்டணம் செலுத்தத் தவறாதீர்கள். மேலே கிடைத்துவிட்டால் "பழையதே போதும்" என்று திரும்ப முடியாது. ஆகவே அந்த ஏழில் உண்மையிலேயே எட்டாவதைவிட உங்களுக்குப் பிடித்தவைதான் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பலருடைய பட்டியலில் மேலே இருப்பது சித்தப்பா சொன்ன கல்லூரி.

கேள்வி: மூத்தவனுக்கு முதல் பட்டதாரிச் சலுகை வாங்கிவிட்டோம். இளையவளுக்கும் கிடைக்குமா? (ஒரு தாய், கடலூர்)

பதில்: கிடைக்காது, ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மேலாண்மை ஒதுக்கீட்டில் சேர்பவருக்கும் அச்சலுகை இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் கிண்டியில் இடம் கிடைத்திருக்கிறது. "அங்கே ஆங்கிலத்தில் திணறிவிடுவாள், பக்கத்திலேயே சேர்த்துவிடு" என்று என் அண்ணன் சொல்கிறார். (ஒரு தாய், திருவண்ணாமலை)

பதில்: அனுப்புங்கள். 2021-இல் தொடங்கிய இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். முதல் பருவம் கடினமாகத்தான் இருக்கும். இயற்பியலில் அவளுக்குத் தெரிந்த கருத்தே வேறு பெயரில் வரும்போது, தெரியாததைப் போலத் தோன்றும். ஒரு தாளில் அரியர் விழுந்தாலும் அதைக் கேட்டுப் பதறி ஊருக்குத் திரும்பி வரச் சொல்லாதீர்கள். கட்டடவியலும் இயந்திரவியலும் அதே கிண்டி வளாகத்தில் 2010 முதல் தமிழ்வழியிலும் நடக்கின்றன. ஆனால் கையில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அதைத் தேடுமளவுக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: எதிர்பார்த்த கல்லூரி கிடைக்காததால் மகன் நான்கு நாளாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டைக் கதவருகே வைக்கிறேன். "ஒரு வருடம் வீணானாலும் பரவாயில்லை" என்று சொல்வதா, "கிடைத்ததில் சேர்" என்று சொல்வதா? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: இன்று இரண்டையும் சொல்ல வேண்டாம். கதவைத் தட்டி, கல்லூரியைப் பற்றி எதுவும் கேட்காமல், அவனோடு பத்து நிமிடம் உட்காருங்கள். வாழ்ந்து பயனில்லை என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும், தூக்கமும் சாப்பாடும் அறவே நின்றிருந்தாலும், காத்திராமல் 104 அல்லது டெலி-மானஸ் 14416 எண்ணை அழையுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. நீங்களே அழைத்து அவனுக்காக ஆலோசனை கேட்கலாம்.

அவன் பேசத் தொடங்கிய பிறகு, ஒதுக்கீடான இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளைத் தாளில் எழுதி மேசையில் வையுங்கள். உறுதிசெய்யும் நாளைத் தவறவிட்டு இடத்தை இழந்த வீடுகளில் பின்னாளில் எழும் குற்றச்சாட்டு, கல்லூரி கிடைக்காத வருத்தத்தைவிடக் கசப்பானது. இணைவுக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையதே. வேலைக்கு ஆளெடுப்பவர்கள் கல்லூரிப் பெயரையும் பார்ப்பார்கள் என்பது உண்மை, அதை மறைத்துப் பேசினால் அவன் உங்களை நம்பமாட்டான். இதுவரை அவனிடம் கேட்காத உறவினர்கள் தொலைபேசியில் கேட்டால், "இன்னும் முடிவாகவில்லை" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தப் பதிலை அவன் சொல்லும்படி விடாதீர்கள்.