அண்ணனுக்குத் தெரிந்ததை அண்ணனிடமே சொல்வது எப்படி?

கேள்வி: குடும்ப உறவுகளை வைத்து மேடை நாடகம் எழுதும்போது எது மிகவும் கஷ்டம்?

நான் எழுதி மேடையேறியது நாலே நாடகம். அதில் இரண்டு குடும்பக் கதை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கஷ்டமே இங்குதான் தொடங்குகிறது. என் முதல் நாடகம் ஒரு பாகப்பிரிவினை. முதல் காட்சியில் தம்பி பேசுவான்: "அண்ணே, அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. நீதான் என்னைப் படிக்க வெச்சே, தங்கச்சியைக் கட்டிக் குடுத்தே..." ஒத்திகையில் அண்ணனாக நடித்தவர் குறுக்கிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஏன்டா சொல்றே?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று ராத்திரியே அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அந்த இடத்தில் ஒரு பித்தளை அண்டாவை வைத்தேன். நம் வீட்டுப் பாத்திரங்களில் பேர் வெட்டியிருப்பார்களே, யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தது என்று. அந்த எழுத்து முன் வரிசைக்கே தெரியாது, யாராவது வாசித்தாக வேண்டும். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. தங்கை முந்தானையால் தூசியைத் துடைத்து, விரலால் தடவித் தடவி, "பார்வதி... சீமந்தத்துக்கு... அண்ணன் அன்பளிப்பு" என்று படிப்பாள். படித்துவிட்டு, "எங்க அம்மாவுக்கு மாமா செஞ்ச சீர் இது" என்பாள், அண்ணி இருக்கும் பக்கம் திரும்பாமலே. உள்ளிருந்து அண்ணி தன் சின்னப் பையனிடம் கேட்பாள்: "ஏன்டா, பேர் வெட்டினா ஆச்சா? இத்தனை வருஷமா புளி போட்டுத் தேய்ச்சது யாராம்?"

பையனுக்கு நாலு வயசு. அவனுக்கு என்ன தெரியும்?

இந்த ஜாடைப் பேச்சு நம் குடும்பங்களில் ஊறிப்போன ஒன்று, மேடைக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை என்றால் அம்மாதான் தபால்காரி. மகன் நாலடி தள்ளி நிற்கும்போதே, "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்பார் அப்பா. புதிதாக எழுதுகிறவர்கள் (நானும்தான்) அந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தி மூச்சுவிடாமல் ஒரு பக்க வசனம் பேச வைத்துவிடுகிறோம். நிஜத்தில் அப்படிப் பேசத் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் சண்டையே வந்திருக்காது.

மைக் இன்னொரு தொல்லை. சின்ன மேடையில் மூன்று நாலு மைக் தொங்கும், நடிகர்கள் அதன் அடியிலேயே நிற்கப் பார்ப்பார்கள். கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி குடும்பமே வரிசையாக நின்று சண்டை போடும். சினிமாவில் முகத்தை நெருங்கிக் காட்டிவிடலாம். இங்கே கண் கலங்குவது பத்தாவது வரிசைக்குத் தெரியாது, அண்டாவைத் தரையில் வைக்கிற சத்தம்தான் போய்ச் சேரும்.

சரி, எழுதியாயிற்று. அப்புறம் சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீல் தன் குடும்பக் கதையை 1941-இல் எழுதி முடித்தபோது அப்பா, அம்மா, அண்ணன் மூவருமே இறந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியும், தான் செத்து 25 வருஷம் வரை அதை வெளியிடக் கூடாது என்று சொல்லி வைத்தார். 1953-இல் அவர் இறந்தார், மனைவி அனுமதி கொடுத்து 1956-லேயே ஸ்டாக்ஹோமில் மேடையேறிவிட்டது.

எனக்கு அவ்வளவு அவகாசம் ஏது? எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையைத்தான் ஊர், பேர் மாற்றி எழுதியிருந்தேன், பெரியப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாடகத்தில் அண்டா கடைசியில் தங்கைக்குப் போகும். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். நான் அவர் பக்கத்திலேயே நிற்கிறேன், அவர் என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஏம்மா, அவன்கிட்ட சொல்லு. அண்டா யாருக்கும் போகலை. எங்க வீட்டுப் பரண்லதான் இருக்கு."