ஒரே தெரு, ஒரே காலரா: ரிப்போர்ட் மட்டும் ஏன் இரண்டு விதம்?

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரே தெருவைச் சேர்ந்த இருவருக்குக் காலரா உறுதியானது. முதல் நோயாளியின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் (மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்றிருந்தது. மூன்று வாரம் கழித்து வந்தவருடையதில் கேட்காது என்றிருக்கிறது. கிருமி ஒன்றுதானே? தெருவில் எல்லோருக்கும் முன்கூட்டியே டாக்சிசைக்ளின் கொடுத்துவிடலாமா? (ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்காதீர்கள். 1977இல் தான்சானியாவில் சிகிச்சைக்கும் தடுப்புக்கும், டாக்சிசைக்ளினின் இனத்தைச் சேர்ந்த டெட்ராசைக்ளினை வாரி வழங்கினார்கள். ஐந்தே மாதத்தில், பரிசோதித்த கிருமிகளில் 76 சதவீதம் அதற்கு அடங்க மறுத்தன. மாத்திரையின் வேகம் சில நாளில் தீர்ந்துவிடும். குடத்தில் இருப்பதோ அதே தண்ணீர்.

ரிப்போர்ட் விஷயத்தில் ஆய்வக வேலையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காலரா கிருமியைப் பிரித்தெடுக்கும் டிசிபிஎஸ் தட்டில் மஞ்சளாக வளர்ந்த காலனியை (கிருமித் திட்டை) அப்படியே எடுத்து மருந்துப் பரிசோதனை செய்திருந்தால் முடிவை நம்ப முடியாது. வேறு கிருமியும் கூடவே ஒட்டி வந்திருக்கலாம். சாதாரண அகாரில் மறுபடி வளர்த்து, தனிக் காலனியை எடுத்து, மருந்துப் பரிசோதனைக்கான முல்லர் ஹின்டன் தட்டில் செய்தார்களா என்று கேளுங்கள். உங்கள் பக்கம் கவனிக்க வேண்டியது: முதல் மாத்திரைக்கு முன்பே மல மாதிரி எடுப்பது, அதை அனுப்புவதற்கான கேரி பிளேர் குழாயில் அறை வெப்பத்திலேயே அனுப்புவது. ஃப்ரிட்ஜில் வைத்தால் காலரா கிருமி மடியும்.

இதிலெல்லாம் குறை இல்லை என்றால், மாற்றம் நிஜம்தான். இந்தக் கிருமி தன் மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பிடியைத் தளர்த்தும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிற கிருமிகளிடம் கடன் வாங்குவது. 1992இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற காலரா கிருமி வகையில்தான் எஸ்எக்ஸ்டி என்ற மரபணுத் துண்டு அடையாளம் காணப்பட்டது. சல்ஃபமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாவற்றுக்குமான எதிர்ப்பும் அந்த ஒரே மூட்டையில் இருந்தது. சிப்ரோஃப்ளோக்சசின் கிருமியின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும்போது இந்தத் துண்டு பக்கத்துக் கிருமிக்குத் தாவுவது பல மடங்கு கூடும். மருந்தே தரகு வேலை பார்க்கிறது!

உங்கள் ரிப்போர்ட்டுக்கு நெருங்கிய உதாரணம் ஏமன். 2016இல் பரவத் தொடங்கிய கிருமிக்கு அசித்ரோமைசின் கேட்டது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதையே பரவலாகக் கொடுத்தார்கள். 2018இல் அதே பரம்பரைக் கிருமி ஒரு பிளாஸ்மிட்டை (கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய டிஎன்ஏ வளையம்) சுமந்து வந்தது. அதற்கு அந்த மருந்து கேட்கவில்லை.

ஆனால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கழுநீர் போலப் பேதி போகிறவரைக் காப்பாற்றுவது சலைன்தான். 50 கிலோ எடையுள்ள, நாடி தளர்ந்த பெரியவருக்கு ரிங்கர் லாக்டேட் மொத்தம் 5 லிட்டர்: முதல் அரை மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர், மீதி மூன்றரை லிட்டர் அடுத்த இரண்டரை மணி நேரத்தில். குடிக்க முடிந்தவுடன் ஓஆர்எஸ்ஸும் சேர வேண்டும். ஆன்டிபயாட்டிக் பேதியின் அளவையும் நாட்களையும் ஏறக்குறைய பாதியாக்கும், அவ்வளவுதான். கடுமையாக நீர் வற்றியவர்களுக்கு, வாந்தி நின்றபின், சாப்பாட்டோடு டாக்சிசைக்ளின் 300 மில்லிகிராம் ஒரே வேளை. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். ஒற்றை டோஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் தரலாம் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். குழந்தைகளுக்கும் உண்டு, எடைக்கேற்ற அளவை மருத்துவ அலுவலர் சொல்வார்.

ஆய்வகம் இரண்டு கிருமிகளையும் சேமித்து வைத்திருந்தால், இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.